எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பா, அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பா, தோரோங் லாவா? எங்கே தூங்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்

இமயமலையில் பெரிதாக ஒரு ட்ரெக் போகலாம் என்று இருக்கிறோம், எதற்குப் போவது என்று கேட்டு வருடத்துக்கு நாலைந்து பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை நாள் லீவு இருக்கிறது, இதுவரை அதிகபட்சம் எந்த உயரத்தில் தூங்கியிருக்கிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். எவரெஸ்ட் பாதையின் வாசலான லுக்லா விமான நிலையமோ சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது. அந்தக் குட்டி விமானத்தை விட்டு இறங்கிக் கால் வைக்கும்போதே, தெற்கே நாம் ஏறக்கூடிய எந்த மலை உச்சியையும் விட உயரத்தில் நிற்கிறோம். நடை அங்கிருந்துதான் ஆரம்பமே ஆகிறது.

நான் மூன்று பாதைகளிலும் போயிருக்கிறேன், மூன்றும் நேபாளத்தில் இருப்பவை. முதலில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப், அடுத்த வருடம் அன்னபூர்ணா பேஸ் கேம்ப், அதற்கும் பிறகு மனாங் வழியாகத் தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத் இறங்கும் அன்னபூர்ணா சர்க்யூட். இந்த வரிசையே தப்பு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ட்ரெக் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுவது அந்தப் பாதையின் உச்ச உயரத்தை. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், பக்கத்தில் இருக்கும் காலா பத்தர் என்ற மேடு சுமார் 5,550, தோரோங் லா 5,416, அன்னபூர்ணா பேஸ் கேம்ப் 4,130. இதை மட்டும் பார்த்தால் எவரெஸ்ட்டும் தோரோங் லாவும் ஒரே ரகம், அன்னபூர்ணா பேஸ் கேம்ப் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தோன்றும். உடம்புக்கு வேறு கணக்கு இருக்கிறது. பகலில் ஒரு உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வருவதை உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், அங்கேயே படுத்துத் தூங்குவதுதான் அதற்குக் கஷ்டம். தூக்கத்தில் மூச்சு மெதுவாகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்குகிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருவது குறைந்துகொண்டே போகிறது. 5,400 மீட்டரில் நமக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி.

அதனால் நான் போடும் கணக்கு இது. எவரெஸ்ட் பாதையில் வழக்கமாக எல்லோரும் தங்கும் இடங்கள் பாக்டிங் (2,610), நாம்சே பஜாரில் இரண்டு இரவு (3,440), தெங்போச்சே (3,860), திங்போச்சேயில் இரண்டு இரவு (4,410), லோபுச்சே (4,900-க்கு மேல்), கோரக் ஷெப் (5,160-ஐ ஒட்டி). இறங்கும்போது பெரிச்சேயில் ஒரு இரவு, அதுவும் 4,240. மொத்தம் ஐந்து இரவுகள் 4,000 மீட்டருக்கு மேல், அதிலே இரண்டு கிட்டத்தட்ட 5,000 மீட்டரிலும் அதற்கு மேலும். தோரோங் லா பாதையில் 4,000-க்கு மேல் இரண்டே இரவு: யாக் கர்க்காவில் ஒன்று, தோரோங் பேடியில் (சுமார் 4,450) ஒன்று. மறுநாள் கணவாயைத் தாண்டி அன்று மாலையே 3,760 மீட்டரில் இருக்கும் முக்திநாத்துக்கு வந்துவிடலாம். கால் படும் உயரம் காலா பத்தரை விட வெறும் நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் குறைவு, ஆனால் தலையணை வைக்கும் உயரம் எழுநூறு மீட்டர் குறைவு. அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பில் 4,000-க்கு மேல் ஒரே ஒரு இரவு.

இந்தக் கணக்கு தெரியாமல் போனதால் நடந்ததைச் சொல்கிறேன். நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து ஒரு அக்டோபரில் எவரெஸ்ட் பாதைக்குப் போனோம். எங்களுக்கு டூர் போட்டுத் தந்தவர்கள், லீவு குறைவாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, திங்போச்சேயில் இருக்க வேண்டிய ஓய்வு நாளை எடுத்துவிட்டு ஒரு திட்டம் கொடுத்தார்கள். நாங்களும் ஒரு நாள் மிச்சம் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். தம்பி என்னை விடப் பத்து வயது சின்னவன், தினமும் ஓடுகிறவன், வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறவன். லோபுச்சேயில் அன்று மாலை சாப்பாட்டு அறையில் காய்ந்த யாக் சாண வரட்டி எரியும் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவன் தட்டில் வேகவைத்த உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லண்ணா, தூங்கினா சரியாயிடும்” என்றான். அப்புறம் எழுந்து ஷூ மாட்டக் குனிந்தவன் லேஸை எடுத்தான், விட்டான், திரும்ப எடுத்தான், ஒரு முடிச்சுப் போட அவனால் முடியவில்லை. எனக்கு அது களைப்பாகத்தான் தெரிந்தது. எங்கள் கைடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து அவனைக் கூப்பிட்டு, தரைப் பலகையின் இணைப்புக் கோடு ஒன்றைக் காட்டி, குதிகாலை முன்பாதத்தோடு ஒட்டி ஒட்டி அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவன் பக்கவாட்டில் சாய்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். இரவு எட்டரை மணி, ஹெட்லாம்ப் வெளிச்சம், ஒரு பக்கம் கைடு, ஒரு பக்கம் போர்ட்டர், நடுவில் அவன். துக்லா மேட்டில், மலையில் இறந்துபோனவர்களுக்காகக் கல் அடுக்கி வைத்திருக்கும் நினைவிடங்களின் ஊடாகத்தான் இறங்கிப் போனோம், அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் நடத்திவரும் சிறிய மருத்துவ நிலையம் இருக்கிறது. மருந்து கொடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், விடியும்போது டீ கேட்டான். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இன்னும் சில மணி நேரம் தூங்க விட்டிருந்தால் எழுப்ப முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான் என்றும் சொன்னார். பேஸ் கேம்ப்பை நான் அந்த முறை பார்க்கவில்லை, தனியாகப் பிறகொரு வருடம் போய்த்தான் பார்த்தேன்.

இதே பெரிச்சேயில் 1975-ல் ஒரு ஆய்வு செய்தார்கள், அடுத்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த வழியாகப் போன 278 பேரில் 53 சதவீதம் பேருக்கு உயர நோயின் அறிகுறிகள் இருந்தன. கீழிருந்து நடந்தே வந்தவர்களை விட லுக்லாவுக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அதிகம். ஐம்பது வருடத்தில் உடைகள் மாறிவிட்டன, வைஃபை வந்துவிட்டது, நுரையீரல் மாறவில்லை. வயது, உடற்பயிற்சி, மன உறுதி எதுவும் இதிலிருந்து யாரையும் காப்பாற்றாது. சொல்லப்போனால் நன்றாகப் பயிற்சி செய்தவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், அதனால் அவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் யாருக்கு? எவரெஸ்ட்டின் மேல் நிஜமாகவே ஆசை இருப்பவர்களுக்கு, கூடவே காத்மாண்டுவில் இறங்கும் நாளிலிருந்து திரும்பும் நாள் வரை குறைந்தது பதினாறு நாள் கையில் இருப்பவர்களுக்கு. நடை பன்னிரண்டு நாள் என்றால் மிச்ச நாட்கள் லுக்லாவுக்காக. 527 மீட்டர்தான் அந்த ஓடுபாதை, அதுவும் மலைச்சரிவில் மேல்நோக்கிப் போகிறது, மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானம் கிடையாது, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கிடையாமல் போவதும் உண்டு. சீசன் மாதங்களில் லுக்லாவுக்கான பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, நடுராத்திரி எழுந்து நாலைந்து மணி நேரம் ஜீப்பில் ராமேச்சாப் பக்கம் மந்தலி என்ற ஊருக்குப் போய் ஏற வேண்டும். இந்தத் தாமதத்துக்கு நாள் ஒதுக்காதவர்கள் அதை ஈடுகட்டப் பார்ப்பது எங்கே என்றால், மேலே ஓய்வு நாளில். எங்களுக்கு நடந்ததும் அதேதான்.

இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னால் இருக்கும் மலைத்தோள் மறைத்துவிடும். தெரிவது கும்பு பனியருவி. நீலமும் வெள்ளையுமாக உடைந்து கிடக்கும் பனிக்கட்டிகளின் மலை, வெயில் ஏற ஏற உள்ளிருந்து முறியும் சத்தம் கேட்கும், அதைக் கேட்கவே போகலாம். எவரெஸ்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் விடியற்காலை இருட்டில் காலா பத்தர் ஏற வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் ஏறப்போகிறவர்களின் மஞ்சள் கூடாரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அக்டோபரில் போனால் பாறையும் பிரார்த்தனைக் கொடிகளும்தான். இரண்டுக்கும் அதனதன் அழகு உண்டு, ஆனால் போட்டோவில் பார்த்த கூடாரங்களை எதிர்பார்த்து அக்டோபரில் போய் முகம் சுருங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாதையின் நிஜமான செல்வம் வழியில் இருக்கிறது என்பது என் எண்ணம். நாம்சேயின் குதிரைலாட வடிவத் தெருக்கள், தெங்போச்சே மடாலத்தின் மாலை வழிபாடு, பக்கத்திலேயே அமா தப்லாம் சிகரம், ஷெர்பா வீடுகளின் சமையலறைச் சூடு. அதனால் லீவு ஒன்பது பத்து நாள்தான் என்றால், அல்லது அறுபது தாண்டிய அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதென்றால், நான்காவதாக ஒரு வழி சொல்வேன்: நாம்சேயில் இரண்டு இரவு தங்கி, தெங்போச்சே வரை போய்த் திரும்பிவிடுங்கள். 3,900 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியதே இல்லை. நாம்சேக்கு மேலே, எவரெஸ்ட் வியூ ஹோட்டல் இருக்கும் மேட்டிலிருந்தும் தெங்போச்சேயிலிருந்தும், வானம் தெளிவாக இருந்தால், லோட்சே சிகரத்துக்குப் பின்னால் எவரெஸ்ட் தலை தூக்கி நிற்பதைக் கண் நிறையப் பார்க்கலாம். இதை யாரும் விற்பதில்லை, ஏனென்றால் பேஸ் கேம்ப் என்ற பெயர் இதில் இல்லை.

அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பைத்தான் முதல் தடவை போகிற எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்கிறேன். போக்ரா 820 மீட்டரில் இருக்கிற ஊர். அங்கிருந்து ஜீப்பில் போய் நடக்க ஆரம்பிக்கும் இடம் 2,000 மீட்டருக்கும் கீழே, முதல் இரண்டு மூன்று நாள் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. மூங்கில் காடு, ரோடோடென்ட்ரான் காடு, படிக்கட்டு வயல்கள், ஜினுவில் ஆற்றோரம் வெந்நீர் ஊற்று, அதற்கு முன்னால் சுமார் 287 மீட்டர் நீளத் தொங்குபாலம். கஷ்டம் இருக்கிறது, அது முழுக்க முழங்காலுக்குத்தான். சோம்ரோங்கில் கல்படிகளில் ஆறு வரை இறங்கி, பிறகு அதே அளவு ஏற வேண்டும், திரும்பும்போது அதையே இன்னொரு முறை. வெள்ளியங்கிரியோ பர்வதமலையோ ஏறிப் பழகிய கால்களுக்கு இங்கேதான் உண்மையில் பலன் கிடைக்கும். சோம்ரோங்குக்கு மேலே இறைச்சி கொண்டுபோவதில்லை, அந்தப் பள்ளத்தாக்கை அங்குள்ள மக்கள் தெய்வம் குடியிருக்கும் இடமாகப் பார்க்கிறார்கள். பருப்பும் சோறும் காய்கறியும்தான், நம் ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன குறை. இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் மலர்ந்து போடுவார்கள்.

மேலே போனதும் மலைகள் சுற்றி நின்றுகொள்கின்றன. எவரெஸ்ட் பாதையில் மலைகள் வரிசையாக எதிரில் நிற்கும், இங்கே நீங்கள் ஒரு கிண்ணத்தின் அடியில் நிற்கிறீர்கள். 8,091 மீட்டர் அன்னபூர்ணாவின் தெற்கு முகம் ஒரு பக்கம். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் மனிதர் முதன்முதலாக ஏறியது இதில்தான், 1950 ஜூனில், பிரெஞ்சுக்காரர்கள், வடக்குப் பக்கத்திலிருந்து. எதிர்ப்பக்கம் மச்சபுச்சரே, 6,993 மீட்டர், மீன்வால் என்று பெயர். 1957-ல் போன பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சற்றுக் கீழேயே திரும்பிவிட்டது, பிறகு ஏறவே அனுமதி இல்லை. விடியும்போது அன்னபூர்ணாவின் நெற்றியில் முதல் வெளிச்சம் விழுந்து மஞ்சளாகி மெல்ல மெல்லக் கீழே வரும், நாம் நிற்கும் இடம் அதற்கப்புறமும் ரொம்ப நேரம் நிழலில்தான் இருக்கும். தம்பி அந்த நேரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை.

4,130 தானே என்று அலட்சியம் வேண்டாம். வழியில் தங்கும் தேவ்ராலி 3,230 மீட்டர். அங்கிருந்து பேஸ் கேம்ப்புக்கு ஒரே நாளில் ஏறினால் தூங்கும் உயரம் 900 மீட்டர் கூடிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேலே ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தைக் கூட்டாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும் என்பதும் கூட. ஆகவே மச்சபுச்சரே பேஸ் கேம்ப்பில் (3,700) ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை மேலே போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், தம்பிக்குத் தலைவலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பாதையின் பெரிய அனுகூலமும் இதுதான். ஏதாவது சரியில்லை என்றால் கீழே இறங்க ஒரே வழி, அது முழுக்க இறக்கம், காலையில் கிளம்பினால் மாலைக்குள் 2,500 மீட்டருக்கு வந்துவிடலாம்.

இந்தப் பாதையின் ஆபத்து பனிச்சரிவு. ஹிமாலயா என்ற இடத்துக்கும் தேவ்ராலிக்கும் நடுவில் பள்ளத்தாக்கு குறுகி, மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பனி சேர்ந்து நிற்கும். 2020 ஜனவரியில் அங்கே சரிந்த பனியில் கொரியர்களும் நேபாளிகளுமாக ஏழு பேர் போய்விட்டார்கள். பெரும்பனி பெய்த அடுத்த ஓரிரு நாள் அந்த இடத்தைத் தாண்டவே கூடாது, லாட்ஜ்காரர் போகாதே என்றால் போகாதீர்கள். பனி குறைவான அக்டோபர், நவம்பர் இதற்கு நல்லது. ஜூனிலிருந்து செப்டம்பர் பாதி வரை மழை, அட்டை, மேகம், மலையே தெரியாது.

தோரோங் லாவை எதற்கு இரண்டாவது ட்ரெக்காக வைக்கச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாதை மூன்றிலும் மிக நன்றாக உடம்பைப் பழக்குகிறது, ஆனால் கடைசியில் ஒரு கதவு இருக்கிறது. பெசிசகர் 760 மீட்டர். முன்பெல்லாம் அங்கிருந்தே நடப்பார்கள். இப்போது ஜீப் ரோடு மனாங் வரை போய்விட்டதால் இரண்டே நாளில் 3,540 மீட்டர் மனாங்கில் போய் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்தால் இந்தப் பாதையின் முழு நன்மையும் போச்சு. சாமேயில் (2,670) ஜீப்பை விட்டு இறங்கிவிடுங்கள். அங்கிருந்து மேல் பிசாங், மேட்டு வழியாக கியாரு, ஙாவல் என்ற பழைய கல்வீட்டுக் கிராமங்கள், பிறகு மனாங்கில் இரண்டு இரவு. அந்த ஓய்வு நாளில் சும்மா படுத்திருக்காமல் கங்காபூர்ணா ஏரிக்கோ மேலே ஏதாவது மேட்டுக்கோ ஏறிவிட்டுத் தூங்கக் கீழே வாருங்கள். பெரிச்சேயில் இருப்பது போலவே மனாங்கிலும் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ நிலையம் சீசனில் திறந்திருக்கும், பிற்பகலில் உயர நோய் பற்றி ஒரு வகுப்பு எடுப்பார்கள், கட்டாயம் போய் உட்காருங்கள்.

மனாங்குக்கு மேலே நிலமே வேறு மாதிரி. மழை மறைவுப் பிரதேசம், மரம் முடிந்துபோகிறது, மண் காவி நிறம், நீல ஆடுகள் சரிவில் மேயும். தோரோங் பேடியிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் மேலேயும் கீழேயும் ஹெட்லாம்ப் வெளிச்சங்கள் சங்கிலி போல. தண்ணீர்ப் பையின் குழாய் முதல் அரை மணியிலேயே உறைந்துபோனது, பாட்டிலைத் தலைகீழாகக் கம்பளிச் சாக்ஸுக்குள் வைத்திருந்தவர்களுக்குத்தான் குடிக்கத் தண்ணீர் இருந்தது (மேல்பக்கம்தான் முதலில் உறையும், தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் தப்பிக்கும்). பத்து அடி, நின்று நாலு மூச்சு, மறுபடி பத்து அடி. கைடு “பிஸ்தாரை, பிஸ்தாரை” என்று சொல்லிக்கொண்டே வந்தார், மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். உச்சியில் கொடிகளும், சின்னதாக ஒரு டீக்கடையும். பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும் என்பதால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதற்கப்புறம் 1,600 மீட்டருக்கு மேல் தொடர் இறக்கம்.

கதவு என்று சொன்னது இதைத்தான். கணவாயை நெருங்கும்போது வானிலை கெட்டால் முன்னாலும் தூரம், பின்னாலும் தூரம். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியதை நம்மில் பலர் டிவியில் பார்த்திருப்போம். அதன் மிச்சம் வடக்கே போய் இரண்டே நாளில் அன்னபூர்ணா, தவுலகிரி பகுதிகளில் பெரும்பனியாகக் கொட்டியது, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் தோரோங் லாவில் கிளம்பியாகிவிட்டதே என்று நடந்துகொண்டிருந்தவர்கள். அக்டோபரில் போகிற தமிழர்கள் கிளம்பும் முன் வங்கக் கடலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பேடியில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற அளவுக்கு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்திநாத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையை விட முடியாது. 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடியது இந்த இடத்தைத்தான் என்று நம் வைணவப் பெரியவர்கள் கருதுகிறார்கள். கோயிலைச் சுற்றி அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள், பனி உருகிய தண்ணீர், ஒவ்வொன்றிலும் தலை காட்டி ஓடுகிறார்கள். நான் நடந்து போய்ச் சேர்ந்த நாளில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு யாத்திரைக் கூட்டம் வந்திருந்தது, முந்தின நாள் போக்ராவில் தூங்கி, காலையில் விமானத்தில் ஜோம்சோம் வந்து, ஜீப்பில் கோயிலுக்கு. ஒரு பாட்டி படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிடாததால் வந்த தலைவலி என்று அவர் மகள் சொன்னார். 820 மீட்டரிலிருந்து சில மணி நேரத்தில் 3,760-க்கு வந்தால் அந்தத் தலைவலிக்கு வேறு பெயர், சீக்கிரம் கீழே கூட்டிப் போங்கள் என்று சொன்னேன், உடனே கிளம்பினார்கள். நடக்காமல் தரிசனத்துக்கு மட்டும் போகிறவர்களும் முடிந்தால் 2,700 மீட்டரை ஒட்டிய ஜோம்சோமிலோ மார்பாவிலோ ஒரு இரவு தங்கிவிட்டு மேலே போவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை மூன்றில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்தான் குறைவு, லுக்லா விமான டிக்கெட்டால் எவரெஸ்ட் பாதைதான் அதிகம். மேலே போகப் போக எல்லாப் பாதையிலும் சாப்பாடு, சார்ஜ் போடுவது, வெந்நீர் எல்லாம் விலை ஏறும், சுமந்து வந்த மனிதருக்கும் யாக்குக்கும் போகிற காசு, பேரம் பேசாதீர்கள். நாம் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் பூங்கா அனுமதிக் கட்டணங்கள் மற்ற வெளிநாட்டவரை விடக் குறைவு, இந்தியர்களுக்கு விசாவும் வேண்டாம். உள்நாட்டு விமானத்திலும் இந்தியர்களுக்கென்று தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். கைடு வேண்டுமா என்று கேட்கவே கேட்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் பல பாதைகளில் கட்டாயம் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது ஒருபக்கம் இருக்கட்டும், தரைப் பலகைக் கோட்டில் நடக்கச் சொன்ன அந்த மனிதர் இல்லையென்றால் என் தம்பி இன்று இருக்கிறானா என்பது எனக்குத் தெரியாது.

அசட்டசோலமைடு, டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும். உங்கள் டாக்டரைக் கேட்டு மட்டும் எடுங்கள், சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை போட்டாகிவிட்டது என்று ஓய்வு நாளை வெட்டக் கூடாது. இரவில் சில நொடி மூச்சு நின்று, திடீரென்று திணறி எழுந்து உட்காருவீர்கள், பயமாக இருக்கும், உயரத்தில் அது சகஜம். ஆனால் தலைவலியோடு சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி வருகிறது என்றால் அதற்கு மேல் ஒரு அடி ஏறாதீர்கள். நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி என்றாலும் கீழே இறங்குங்கள். கூட வந்தவர் “ஒண்ணும் இல்ல” என்று சொன்னால் அவர் தட்டைப் பாருங்கள், லேஸைப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் வாங்கும்போது உயர வரம்பு என்ன என்ற ஒரே வரியைத் தேடிப் படியுங்கள். நம் ஊரில் சாதாரணமாக விற்கும் பயண பாலிசிகள் பலவற்றில் மலையேற்றம் சேர்த்தி இல்லை, சேர்த்தி இருந்தாலும் ஒரு உயரத்துக்கு மேல் கிடையாது. 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்து என்று எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரைக் கூப்பிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் யோசியுங்கள். தேவையில்லாமல் ஹெலிகாப்டர் அழைத்து இன்சூரன்ஸில் பணம் பறிக்கும் மோசடியை நேபாள அரசே 2018-ல் விசாரித்தது. நடக்க முடிகிறவரை நடந்து இறங்குவதுதான் முதல் மருந்து.

போன வாரம் கேட்ட ஒருவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவருக்கு 34 வயது, மனைவியும் கூட வருகிறார், இருவரும் கொடைக்கானலைத் தாண்டி எங்கேயும் உயரத்தில் தங்கியதில்லை, சென்னையிலிருந்து சென்னைக்குப் பதின்மூன்று நாள் லீவு, எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு அட்வான்ஸ் கட்டும் நிலையில் இருந்தார்கள். நவம்பர் முதல் வாரம் போக்ரா போங்கள், கோரேபானி வழியாக பூன் ஹில் (3,210) ஏறிவிட்டு சோம்ரோங், அப்புறம் மச்சபுச்சரே பேஸ் கேம்ப்பில் ஒரு இரவு, அன்னபூர்ணாவில் ஒரு இரவு, திரும்பும்போது ஜினு வெந்நீர் ஊற்றில் காலை ஊற வையுங்கள், இரண்டு நாள் கையில் மிச்சம் இருக்கும் என்றேன். எவரெஸ்ட்? என்று கேட்டார். அடுத்த முறை பதினெட்டு நாள் லீவு கேளுங்கள் என்றேன்.